செடி எண்ணுவதும் நம் வேலைதான்

"வேங்கைவயலுக்கே இன்னும் நியாயம் கிடைக்கல. நீங்க என்ன தோழர், கடற்கரையில போயி செடி எண்ணணும்ங்கிறீங்க?"

திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது கல்லூரி மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டார். உடன் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கோபத்தில்தான் கேட்டார், அந்தக் கோபம் எனக்கும் உண்டு. 2022 டிசம்பர் 26 அன்று நம் மாவட்டத்தில், நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. இரண்டு வருடம் கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதில் குற்றம் சாட்டப்பட்ட மூன்று பேரும் பாதிக்கப்பட்ட மக்களுக்குள்ளிருந்தே எடுக்கப்பட்டவர்கள். இப்படியொரு மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு மணல்மேட்டுக் கொடியைப் பற்றிப் பேசினால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஆனாலும் பேசுகிறேன். பொதுவில் இருக்கும் ஒன்றை யார் தொடலாம், அதைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதுதானே வேங்கைவயலின் கேள்வி. அதே கேள்விதான் கடற்கரை மணலிலும் கிடக்கிறது. அங்கே அதை நாம் இதுவரை கேட்டதில்லை, அவ்வளவுதான்.

புதுக்கோட்டைக்காரர்களுக்குக் கடல் நினைவுக்கே வராது. குடைவரை, ஓவியம், கண்மாய், தொண்டைமான் என்றுதான் சொல்வோம். நாங்கள் டீ குடித்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அருங்காட்சியகம் 1910-இல் சமஸ்தானத்தில் தொடங்கியது. அந்த சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1974 ஜனவரியில் மாவட்டம் உருவானபோதுதான் தஞ்சாவூரிலிருந்து அறந்தாங்கிப் பகுதி வந்து சேர்ந்தது. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று சுமார் 42 கிலோமீட்டர் கரை நமக்குக் கிடைத்தது. கிடைத்து ஐம்பது வருடமாகிவிட்டது, இன்னும் அதைப் பக்கத்து வீட்டுச் சொத்து மாதிரிதான் பார்க்கிறோம். நம் கரையில் சேறும் அலையாத்தியும் அதிகம். உயரமான மணல்மேடு பார்க்க வேண்டுமானால் வடக்கே வேதாரண்யம் தாண்டிக் கோடியக்கரைப் பக்கமோ, தெற்கே தனுஷ்கோடிப் பக்கமோ போக வேண்டும்.

மணல்மேடு தானாக நிற்பதில்லை. காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும். வழியில் ஒரு செடி இருந்தால் காற்றின் வேகம் குறைந்து மணல் அங்கேயே விழும். விழுந்த மணல் செடியை மூடும். சாதாரணச் செடி என்றால் செத்துவிடும். மணல்மேட்டுச் செடி மூடிய மணலுக்குள்ளேயே கணுவுக்குக் கணு வேர் விட்டு மறுபடி மேலே வரும். மறுபடி மணல், மறுபடி செடி. இப்படித்தான் மேடு வளர்கிறது. அடும்பு என்றும் அடப்பங்கொடி என்றும் சொல்வோமே, ஆட்டுக் குளம்பு மாதிரி இலையும் ஊதாப் பூவும் உள்ள கொடி, அது இந்த வேலையைச் செய்கிறது. இராவணன் மீசை செய்கிறது. முள்முள்ளாகக் குத்தும் அந்தப் புல்லில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. பெண் செடியின் உருண்டையான கதிர் முற்றிக் காய்ந்ததும் உடைந்து, காற்றில் கரை நெடுக உருண்டோடி விதை போடும். ஒரு கரையில் ஆண் செடிகள் மட்டும் மிஞ்சிவிட்டால் தூரத்திலிருந்து பார்க்கப் பச்சையாகத்தான் தெரியும். விதை இருக்காது.

இவற்றோடு ஒரு சின்னக் கொடி இருக்கிறது. சதைப்பற்றான இலை, வெளிர் நிறத்தில் சிறு பூ. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் அதன் பெயர் ஹைட்ரோஃபைலாக்ஸ் மாரிடிமா. 1782-இல் லின்னேயஸின் மகன் வெளியிட்ட பெயர். கிரேக்கத்தில் 'நீர்க்காவலன்' என்று பொருள். இந்திய, இலங்கைக் கடற்கரை மணலில் வளரும் இது இப்போது அரிய செடிகளின் வரிசையில் பேசப்படுகிறது. பெரிய மரமில்லை, புலியில்லை, ஆவுளியாவும் இல்லை. ஆவுளியாவுக்காகப் பாக் நீரிணையில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் காப்பகமாக அறிவித்தார்கள். நல்லது. இந்தக் கொடிக்கு அப்படி யாரும் அறிவிக்கப் போவதில்லை. ஒரு ஜேசிபி அரை நாளில் ஒரு கரையிலிருந்து இதை இல்லாமல் ஆக்கிவிடும். அப்படி ஒன்று அங்கே இருந்தது என்றே யாருக்கும் தெரியாது.

என் அத்தை வாழ்க்கைப்பட்டது வேதாரண்யம் பக்கம். ஊருக்கும் உப்பளத்துக்கும் நடுவில் சேரி. நடவு இருந்தால் நடவு, இல்லையென்றால் உப்பளம். அடுப்புக்குக் காய்ந்த இராவணன் மீசையைக் கட்டிக்கொண்டு வருவார். சில வருடங்களுக்கு முன் கடற்கரைத் தாவரங்களைக் கணக்கெடுக்க ஒரு குழு வந்தது. யார் என்று சொல்ல வேண்டாம், பேர் முக்கியமில்லை. இரண்டு நாள் அத்தைதான் அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். எந்த மேட்டின் பின்புறம் எது கிடக்கும், மழைக்குப் பிறகு எது தலைகாட்டும், எந்தப் பக்கம் சவுக்கு வைத்தபிறகு எது காணாமல் போனது, எல்லாம் சொன்னார். ஒரு நாள் கூலி போட்டுக் கொடுத்தார்கள். மற்ற நாளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். பிறகு வந்த அறிக்கையில் 'உள்ளூர் மக்களுக்கு நன்றி' என்று ஒரு வரி இருந்தது. அதே அறிக்கையில் இன்னொரு பக்கத்தில், மணல்மேட்டுத் தாவரங்களுக்கான அச்சுறுத்தல்கள் என்ற தலைப்பின் கீழே, 'உள்ளூர் மக்கள் விறகுக்காக வெட்டுதல்' என்று இன்னொரு வரி. அத்தையிடம் படித்துக் காட்டினேன். "ரெண்டு எடத்துலயும் நான்தானா மருமவனே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த அறிக்கையில் மணலை லாரியில் அள்ளியவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. தென்மாவட்டக் கரையில் தாது மணலுக்காகக் கடற்கரையையே தோண்டி, 2013-இல் அரசு தடை போடும் அளவுக்குப் போன மாநிலம் இது. அத்தையின் விறகுக்கட்டு அச்சுறுத்தலாம்!

பேர் போடுவது பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். 1678 தொடங்கி 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சான 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்ற தாவர நூலில், தகவல் தந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் வாக்குமூலமே அவர் பேரோடு இருக்கிறது. அதைச் செய்தவர் டச்சுக் கம்பெனியின் அதிகாரி வான் ரீடு. மிளகு வியாபாரத்துக்கு வந்த காலனிக்காரர். முந்நூறு வருடத்துக்கு முன் அவருக்குத் தோன்றியது நம்மூர்ப் படித்தவர்களுக்கு இன்னும் தோன்றவில்லை. (2024-இல் மாட்ரிட்டில் கூடிய சர்வதேசத் தாவரவியல் மாநாடு, ஆப்பிரிக்க மக்களை இழிவுபடுத்தும் 'காஃப்ரா' என்ற சொல் இருந்த 200-க்கும் மேற்பட்ட தாவர, பாசி, பூஞ்சைப் பெயர்களை மாற்ற வாக்களித்தது. அறிவியலில் அரசியல் வேண்டாம் என்று உங்கள் துறையில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.)

இனி புறம்போக்கு. வருவாய்த்துறைக் கணக்கில் தீர்வை கிடைக்காத நிலத்துக்கு இந்தப் பெயர். மேய்ச்சல் நிலம், குளக்கரை, சுடுகாடு, கடற்கரை மணல் எல்லாம் இதற்குள் வரும். நாளடைவில் அது வசைச்சொல்லாகவும் ஆனது. மணல்மேட்டைப் பார்த்து 'சும்மா கிடக்குற எடம்' என்கிறார்கள். சேரி இருக்கும் இடத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். சும்மா கிடக்கிற இடம் என்று பேர் வைத்துவிட்டால் பிறகு எதையும் செய்யலாம், குப்பை கொட்டலாம், இறால் பண்ணை போடலாம், மண் அள்ளலாம், சமப்படுத்திப் பூங்கா கட்டலாம். அங்கே ஏற்கெனவே யார் வாழ்கிறார்கள், எது வாழ்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் சொல்கிறேன், மணல்மேட்டில் என்ன இருக்கிறது என்று எண்ணி எழுதிவைப்பது வெறும் தாவரவியல் வேலை இல்லை. அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை என்பதற்கு அது ஆதாரம்.

அதே டிசம்பர் 26, பதினெட்டு வருடம் முன்பு, 2004. ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிணங்களை எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து நம் மக்களைத்தான் கொண்டுவந்தார்கள். நிவாரணம் என்று வந்தபோது படகு இழந்தவர் பாதிக்கப்பட்டவர், வலை இழந்தவர் பாதிக்கப்பட்டவர். படகே இல்லாத, மீன் சுமந்தும் உப்பு வாரியும் உப்பேறிய வயலில் வேலை பார்த்தும் பிழைத்தவர்கள் எந்தப் பட்டியலில் வருவார்கள்? முகாம்களில் சாதி பார்த்ததை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்திருக்கின்றன. எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்களுக்கு எதுவும் கிடைக்காது என்பதை அந்த வருடம் நேரில் பார்த்தோம்.

செடிகளுக்கும் அதுதான் நடந்தது. அலைக்குத் தடுப்பு வேண்டும் என்று உலக வங்கிப் பணத்தில் கரை நெடுகச் சவுக்கு நட்டார்கள். சவுக்கு நம் ஊர் மரமே இல்லை, ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியப் பக்கத்திலிருந்து வந்தது. பல இடங்களில் ஏற்கெனவே இருந்த மணல்மேட்டின் மேலேயே நட்டார்கள். சவுக்கு உதிர்க்கும் சருகு மெத்தை போல் மூடிக்கொள்ள, அடும்பும் இராவணன் மீசையும் அடியில் செத்தன. ஆமை முட்டையிடும் மணலும் போனது. இதைத் தவறு என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் நடுவதற்கு முன்பு அந்த மேட்டில் என்ன இருந்தது என்று எத்தனை ஊரில் கணக்கு இருந்தது? கணக்கு இல்லாததால் இழப்பும் இல்லை. இத்தனை மரம் நட்டோம் என்ற எண்ணிக்கை மட்டும் கோப்பில் நிற்கிறது.

இப்போது மறுபடியும் பணம் வருகிறது. 2023-24 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு நெய்தல் மீட்சி இயக்கத்தை அறிவித்தார்கள். ஐந்து வருடத்தில் 2,000 கோடி ரூபாய், உலக வங்கி உதவியோடு. கரை அரிப்பு, பல்லுயிர், வாழ்வாதாரம் என்று அழகான சொற்கள். அந்தச் சொற்களோடு எனக்குச் சண்டை இல்லை. எந்த ஊரில் எந்தச் செடியை மீட்பது என்று முடிவெடுக்கும் அறையில் நாற்காலி யாருக்கு என்பதுதான் சண்டை.

சட்டப்படி அந்த அறையில் நமக்கு இடம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பன்மய மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரின் செடி, கொடி, விலங்கு, அவற்றைப் பற்றிய அறிவு எல்லாவற்றையும் மக்களோடு பேசிப் பதிவேடு தயாரிப்பது அதன் முதல் வேலை. 2004-இல் வந்த விதிகள், உள்ளாட்சி நியமிக்கும் ஆறு பேருக்கு மிகாத உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியலினத்தவர் அல்லது பழங்குடியினர் என்று சொல்லின. ஆறில் 18 விழுக்காடு ஒன்றைத் தாண்டுகிறது, அதனால் 'குறையாமல்' என்றால் இரண்டு பேர். கணக்கு வாத்தியார் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். 2023 திருத்தம் உறுப்பினர் எண்ணிக்கையை ஏழு முதல் பதினொன்று என்றாக்கி, குழுவின் அமைப்பை வகுக்கும் பொறுப்பை மாநில அரசுக்குக் கொடுத்தது. அந்தக் கைமாற்றத்தில் நம் பங்கு கரைந்துவிடாமல் பார்க்க வேண்டியது யார்? டீக்கடையில் சிரித்த நாலைந்து பேர்தான், வேறு யார்.

குழுக்களே இல்லையா என்றால், இருக்கின்றன. 2020 ஜனவரி 31-க்குள் அமைக்காவிட்டால் மாநிலம் மாதம் பத்து லட்சம் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் நாடு முழுக்கக் குழுக்கள் முளைத்தன. அவசரத்தில் எழுதிய பதிவேடுகள், ஒன்றைப் பார்த்து இன்னொன்றை நிரப்பியவை என்ற விமர்சனம் பரவலாக எழுந்தது. இப்போது நம் மாவட்டத்தில் ஊராட்சிகளின் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் கைக்குப் போனது. நியமித்த ஊராட்சி மன்றமே இல்லாதபோது அது நியமித்த குழு எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் அப்படித்தான். மணல்மேட்டைச் சமப்படுத்தவோ மாற்றவோ கூடாது என்று 1991-லிருந்தே தடை. 2011-லும் 2019-லும் மணல்மேடு மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறது. 2011 அறிவிக்கை மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு அமைத்து, அதில் பாரம்பரியக் கடலோரச் சமூகங்களிலிருந்து குறைந்தது மூன்று பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றது. மீனவர்களுக்கு அந்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. அதற்குப் பின்னால் உப்பளத்தில் நிற்கும் என் அத்தையை 'பாரம்பரியக் கடலோரச் சமூகம்' என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? மீனவத் தோழர்களே, இதை உங்களுக்கு எதிராக எழுதவில்லை. ஆனால் கரையில் நீங்கள் மட்டும் வாழவில்லை என்பதை நீங்களும் சொல்ல வேண்டும்.

காகிதத்தில் இருக்கும் உரிமையை வைத்து என்ன செய்வது? 1923-இல் பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது. 1924-இல் மகாத் நகராட்சி தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானங்கள் கோப்பில் தூங்கின, யாரும் இறங்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அடிபட்டார்கள், குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள், வழக்குப் போட்டார்கள். ஆனால் தீர்மானத்துக்கு உயிர் வந்தது அன்றைக்குத்தான். பன்மயக் குழுவின் நாற்காலியை மகாத் குளத்தோடு ஒப்பிடுகிறானே என்று நினைப்பீர்கள். அளவு வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். தூங்குகிற கோப்பு ஒரே மாதிரிதான் தூங்குகிறது.

சரி, எண்ணுவது எப்படி? தாவரவியல் படிக்கும் தோழர்கள் உங்களுக்குள் இருக்கிறீர்கள், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாகக் குழாயிலோ கயிற்றிலோ ஒரு சட்டம். அலை ஏறும் கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி நேராக ஒரு கயிறு. ஐந்து மீட்டருக்கு ஒரு தடவை சட்டத்தை வைத்து, உள்ளே என்னென்ன இருக்கிறது, எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்று எழுத வேண்டும். கொடியை ஒன்று இரண்டு என்று எண்ண முடியாது, ஒரே கொடி இருபது இடத்தில் வேர்விட்டிருக்கும். அதனால் பரப்புதான் கணக்கு. இராவணன் மீசையில் ஆண், பெண் தனித்தனியாக. எதுவும் இல்லாத சட்டத்தையும் எழுத வேண்டும், பூஜ்யமும் தகவல்தான். டயர் தடம், குப்பை, சவுக்கு, சீமைக்கருவேல் எல்லாம் அதே தாளில். கயிற்றின் இரண்டு முனையையும் போனில் இடக்குறிப்போடு பதிந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, வருடா வருடம் அதே இடத்தில். முதல் வருட எண் ஒன்றும் சொல்லாது. மூன்று நான்கு வருடம் ஆன பிறகுதான் பேசத் தொடங்கும். அதுவரை பொறுமை வேண்டும், நம் இயக்கங்களில் அதிகம் கிடைக்காத சரக்கு அது.

அரிய கொடி என்று சந்தேகம் வந்தால் பிடுங்காதீர்கள், படம் எடுங்கள். இடத்தை முகநூலில் போடாதீர்கள். கூட வந்து காட்டியவரின் பெயரை, அவர் சம்மதித்தால், தாளின் முதல் வரியில் எழுதுங்கள். கூலி கொடுங்கள், இரண்டு நாளுக்கும்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று மேடையில் நாம் பலதடவை சொல்லியிருக்கிறோம். அந்தக் கொடியை நேரில் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர் என்று அன்று டீக்கடையில் கேட்டேன். ஒருத்தர் கையைத் தூக்கினார். கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பெண். முதல் கயிற்றை அவர்தான் பிடிக்கப் போகிறார்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1). வெள்ளைத்தாள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. கடற்கரை ஊராட்சி எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். பன்மய மேலாண்மைக் குழு அமைத்த நாள், உறுப்பினர் பெயர், அவர்களில் பெண்கள், பட்டியலினத்தவர் யார், எத்தனை தடவை கூடினார்கள், கூட்டக் குறிப்பின் நகல், மக்கள் பன்மயப் பதிவேட்டின் நகல், அதில் மணல்மேட்டுத் தாவரங்கள் இருக்கும் பக்கம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. வந்துவிட்டால், நம் ஆள் என்று பட்டியலில் காட்டியிருப்பவரின் வீட்டைத் தேடிப் போங்கள். போய், "இந்தக் குழுவில் நீங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள்.